எனிமா கேனும் பாலத்து யானையும்

வீட்டில் யாராவது வயிறு வலிக்கிறது என்று சொன்னால், "ஒரே விரலால காட்டு" என்பேன். உள்ளங்கையை வைத்து வயிற்றை வட்டமாகத் தடவிக் காட்டினால் எனக்கு மூச்சு வரும். சோம்புத் தண்ணீரோ மோரோ கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். விரல் நீண்டு ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டால் அவ்வளவுதான், என் கால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். வீட்டில் எல்லோரும் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு நடு அறையில், ஜன்னல் கம்பியில் தொங்கிய ஒரு வெள்ளைக் கேனிலிருந்து வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் திருச்சி ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் கொல்லைக் கோடியில் இருந்த கக்கூஸில் அவருக்கு ஒரு காரியம் முடிய வேண்டும். அது முடியாது. அம்மா டிபன் டப்பாவோடு வாசலில் நிற்பாள்.

"என்னங்க, இன்னிக்காவது ஆச்சா?"

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். அப்பா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு நடப்பார். அந்த நடையைப் பார்த்தே ஆயிற்றா இல்லையா என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். ஆகாத நாளில் சாயங்காலம் தலைவலியோடு வருவார். வீடே வாயை மூடிக்கொள்ளும்.

அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஓர் இயற்கை மருத்துவ முகாமுக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது ஆள் மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சி. துணிப்பையிலிருந்து அவர் முதலில் எடுத்தது அந்தக் கேன்தான். நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் கேன். அடியில் சின்ன மூக்கு. அதில் மாட்ட கருஞ்சிவப்பு ரப்பர் குழாய். குழாயின் நுனியில் பென்சில் அளவுக்கு ஒரு கறுப்பு முனை, அதைத் திறந்து மூட ஒரு குட்டித் திருகு.

"என்னங்க இது, பால் கேனா?" என்றாள் அம்மா.

"எனிமா கேன்."

அம்மா அதைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதுல என்ன ஊத்தணும்?"

"வெதுவெதுன்னு தண்ணி."

"அது எங்க போகும்?"

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைங்க இருக்கு. அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு அடுக்களையிலிருந்து எங்களுக்குக் கேட்டது. அதே மூச்சில் அப்பா, குடலைக் கெடுப்பதே காபிதான், இனி வீட்டில் காபி கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். சிரிப்பு பட்டென்று நின்றது.

"கேனை வச்சுக்குங்க, கட்டிக்கிட்டுப் படுத்துக்குங்க. காபியில கை வச்சீங்கன்னா நான் லால்குடிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

காபி பிழைத்தது. கேனும் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் எல்லோருக்கும் எனிமா என்பது அப்பாவின் சட்டம். "வீட்டைத் தினம் பெருக்குறோம். குடலை யாரு பெருக்குறது?" என்பார். அந்த வயதில் அது எங்களுக்கு மறுக்க முடியாத நியாயமாகத் தெரிந்தது. எனக்கும் தம்பிக்கும் மலச்சிக்கலே கிடையாது. ஆனாலும் எங்களுக்கும் உண்டு. அம்மா மட்டும் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. "என் குடல் நல்லாப் பெருக்கிக்கும். நீங்க உங்க வாசலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரோடு கொல்லைக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

அப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். குழாயைத் தனிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைப்பார். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கக் கூடாது. கேனை ஜன்னலின் கீழ்க் கம்பியில்தான் மாட்டுவார். மேலே மாட்டினால் தண்ணீர் வேகமாக இறங்கும் என்பார். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. கேன் பொது, முனை ஆளுக்கு ஒன்று. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டியிருந்தார். என்னுடையதில் பச்சை, தம்பியுடையதில் சிவப்பு, அவருடையதில் வெள்ளை. மூன்றும் ஒரு தகர டப்பாவில், புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

பாயில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வலது முழங்காலை மடித்து வயிற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வெட்கமான காரியம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் யானைக் கதையைக் கண்டுபிடித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

திருகைத் திறப்பதற்கு முன் கேட்பார்: "யானை எங்க நிக்குது?"

நாங்கள் உள்ளங்கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே, "பாலத்துக்கு நடுவுல" என்று சொல்ல வேண்டும். உடனே கதை தொடங்கிவிடும். காவேரிப் பாலத்தின் நடுவில் ஒரு யானை நின்றுவிட்டது. பின்னால் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ். பஸ்ஸுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு வாரம் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட மாப்பிள்ளை. ஒரு வாரம் பரீட்சை எழுதப் போகிற கல்லூரிப் பையன். ஒரு வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரே இருந்தார். ஒவ்வொருவராக இறங்கிப் போய் யானையை நகர்த்தப் பார்ப்பார்கள். கண்டக்டர் விசில் ஊதுவார். பூக்காரம்மா கூடையைக் காட்டுவாள். மாப்பிள்ளை காலில் விழுவார். யானை காதை ஆட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் உள்ளே போய் முடிந்தபிறகும் கதை நடக்கும். அதுவரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"அப்பா, நகர்ந்துடுச்சா?"

"இரு, இப்பத்தான் முன்னங்காலை எடுத்து வைக்குது."

"அப்பா, முடியலை!"

"தும்பிக்கையைத் தூக்கிடுச்சு... வாலை ஆட்டுது... யானை நகர்ந்துடுச்சு, ஓடு!"

கொல்லைக் கோடிக்கு ஓடுவோம். கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "பாத்து, பாத்து, வழுக்கும்" என்று காபி டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்குவாள். எனக்கு இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் ரப்பர் வேகிற வாடையும் பில்டர் காபியின் வாசனையும் கலந்துதான் ஞாபகம் வருகிறது. வேறு யாரிடமாவது சொன்னால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது அப்பாவின் வாசனை. வாரம் முழுவதும் அலுவலகத்துக்கும் தலைவலிக்கும் சொந்தமாக இருந்தவர், அந்த ஒரு காலையில்தான் எங்களுக்குச் சொந்தமாக இருந்தார்.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. கேனை இரவல் கேட்டு வருவார்கள். யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "அதை ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா..." என்று வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். அப்பா கேனைக் கொடுப்பார், முனையைக் கொடுக்க மாட்டார். "அது மெடிக்கல்ஸ்ல கிடைக்கும், புதுசா வாங்கிக்குங்க" என்பார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று கேன் கொடுக்கும்போது ஒரு தடவை, படி இறங்கும்போது ஒரு தடவை சொல்லி அனுப்புவார்.

எதிர்வீட்டுக்காரரை நாங்கள் பாத்திரக்கடை மாமா என்போம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எவர்சில்வர் கடை வைத்திருந்தார். வாங்குகிற பொருள் எதுவானாலும் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் அவருக்குத் திருப்தி. எங்கள் கேனை வாங்கிப் போனவர், வெறும் தண்ணீர் என்ன சுத்தம் செய்துவிடும் என்று துணி துவைக்கிற பார் சோப்பைச் சீவிப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கரைத்து, ஆறும் வரை பொறுக்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார். அன்று மத்தியானம் அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ரத்தமும் சளியுமாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு வந்தார். வெகுநாள் வரை நாற்காலியில் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்.

"தண்ணி மட்டும்னு சொன்னேனேப்பா" என்றார் அப்பா, நொந்துபோய்.

"பாத்திரத்துக்குப் போடுறோம், துணிக்குப் போடுறோம்... குடலும் அப்படித்தானேன்னு நெனச்சுட்டேன்" என்றார் அவர்.

தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அப்பா மட்டும் அன்று சிரிக்கவில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவு, தவறு சோப்பில் இருக்கிறது, கேனில் இல்லை என்பதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை புதன்கிழமைக்கும் பரவியது. பிறகு தினமும் என்றாயிற்று. கேன் இல்லாமல் அவருக்கு எதுவும் நடக்காது என்ற நிலை வந்துவிட்டது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் கேனும் பையில் வரும். அம்மா அதற்கு 'இளையவள்' என்று பெயர் வைத்துவிட்டாள். "உங்க இளையவளை எடுத்து வச்சுக்கிட்டீங்களா? அவ இல்லாம உங்களுக்குப் பொழுது விடியாதே!" அப்பா அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். பலவீனத்தைக் கேலி செய்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மாவின் குரலில் கவலை இருந்தது பிற்பாடுதான் புரிந்தது.

எனக்குக் கல்யாணமாயிற்று. ஆசிரியை வேலை கிடைத்தது. எண்பதுகளின் கடைசியில் திருச்சி கே.கே. நகரில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மகளும் இருந்தோம். கணவருக்கு வடக்கே வேலை, லீவில்தான் வருவார். முழுப்பரீட்சை முடிந்ததும் மகளை ஸ்ரீரங்கத்தில் விட்டுவிடுவேன். அவளுக்கும் ஒரு முனை வாங்கி மஞ்சள் நூல் கட்டி வைத்திருந்தார் அப்பா. நான் முதலில் தயங்கினேன். ஆனால் அவளே, "அம்மா, தாத்தா யானைக் கதை சொன்னாரே, இந்தத் தடவை பஸ்ஸுல ஒரு சர்க்கஸ்காரன்!" என்று குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது, என் சொந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அது ஒரு மே மாதம். நான் விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு அவளைப் பார்க்கலாம் என்று கிளம்பி, சத்திரத்தில் பஸ் மாறி, உச்சி வெயிலுக்கு முன் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே ரப்பர் வேகிற வாடை வந்தது. அப்பாவுக்கு விடிகாலையிலேயே முடிந்திருக்குமே, ஞாயிற்றுக்கிழமையும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து வயிறு வலிங்குறா" என்றாள் அம்மா. "மாம்பழம், நுங்கு, பலாச்சுளைன்னு எல்லாத்தையும் தின்னாளே, அதுதான்னு நெனச்சேன். காலையில வெளக்கெண்ணெய் குடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்துட்டா. தொட்டா ஒடம்பு சுடுது."

நடு அறையில் பாயில் என் மகள் சுருண்டு படுத்திருந்தாள். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டியிருந்தன. உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொள்கிறவள், கண்ணை மட்டும் திருப்பினாள். அப்பா கீழ்க் கம்பியில் கேனை மாட்டிவிட்டு, மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே" என்றார் என்னிடம். "அஜீரணம்தான். தண்ணி போனா இறங்கிடும்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சிறு வயதிலிருந்து அந்தக் கைகளை நம்பி வந்தவள் நான்.

அப்பா மஞ்சள் நூல் கட்டிய முனையை மாட்டினார். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். திருகின் மேல் விரலை வைத்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டார்:

"யானை எங்கம்மா நிக்குது?"

அவள் முழங்கால்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பாலத்துக்கு நடுவுலயா?"

தலையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்து, சுட்டுவிரலை மட்டும் நீட்டி, வலது பக்கம் அடிவயிற்றில் ஓர் இடத்தில் வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தொடாமல், ஒரு நூல் மேலே நிறுத்தினாள்.

"இங்க நிக்குது."

"உள்ளங்கையால காட்டு கண்ணு."

"இல்ல தாத்தா. இங்க மட்டும்தான். மொதல்ல தொப்புள்கிட்ட இருந்துச்சு. இப்ப இங்க வந்துடுச்சு."

"சரி, காலைக் கொஞ்சம் நீட்டித் திரும்பிப் படு. கதை சொல்றேன்."

"கதை வேணாம் தாத்தா. அது நகராது."

அப்பா அவள் வலது காலை நீட்டிவிடப் பார்த்தார். அவள் போட்ட அலறலில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தப் பாயில் படுத்த யாரும் விரலால் காட்டியதில்லை. கதை வேண்டாம் என்று யாரும் சொன்னதுமில்லை. அந்தக் கேள்வியை அவர் எங்களைச் சிரிக்க வைப்பதற்காகக் கேட்டு வந்தார். முதல் தடவையாக அதற்கு ஒரு பதில் வந்திருந்தது.

"அதை எடுத்து அந்தாண்ட வைங்க" என்றாள் அம்மா. குரலில் கேலி இல்லை.

"ஒருவேளை தண்ணி போனா..." என்றார் அப்பா. ஆனால் திருகைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்பா எதற்கும் என்னைக் கேட்டவர் அல்ல. "நீ சொல்லும்மா. உன் பொண்ணு."

சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்ட அன்று பாத்திரக்கடை மாமா போட்ட சத்தம் எனக்குக் காதில் விழுந்தது. வேறு எந்த அறிவும் எனக்கு அப்போது இல்லை.

"வேணாம்ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அப்பா குழாயை மடித்துப் பிடித்துக் கேனைக் கழற்றினார். தண்ணீர் ஜன்னல் திண்டில் கொட்டியது.

எதிர்வீட்டிலேயே கார் இருந்தது. பாத்திரக்கடை மாமா அப்போது ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தார். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், கை கழுவாமலே சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். "எனிமா ஏதும் குடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அது போதும்மா, ஏறு" என்றார்.

மாம்பழச்சாலையைத் தாண்டிப் பாலத்தில் ஏறினோம். அவள் தலை என் மடியில். ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் பல்லைக் கடிப்பது என் தொடையில் தெரிந்தது. "மெதுவா போங்க மாமா" என்பேன். அடுத்த நொடியே "சீக்கிரம் போங்க மாமா" என்பேன். அவர் இரண்டுக்கும் "சரிம்மா" என்றார். முன் சீட்டில் அப்பா கண்ணாடிக்கு வெளியே பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்தாலும் உடம்பை முன்னால் சாய்த்தார்.

"தாத்தா, யானை இருக்கா?" என்று அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"இல்ல கண்ணு. பாலம் காலியா இருக்கு" என்றார் அப்பா. திரும்பிப் பார்க்கவில்லை.

தென்னூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினோம். டாக்டர் அவள் வயிற்றில் கையை வைத்து மெல்ல அழுத்தினார், சட்டென்று எடுத்தார். எடுத்தபோதுதான் அவள் கத்தினாள். எங்கள் பக்கம் திரும்பி அவர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டுல என்ன குடுத்தீங்க? பேதி மருந்து, எனிமா, ஏதாவது?"

"வெளக்கெண்ணெய் குடுத்தோம், வாந்தி எடுத்துட்டா" என்றேன்.

"எனிமா குடுக்க இருந்தேன், சார்" என்றார் அப்பா. "குழாயெல்லாம் மாட்டிட்டேன். குடுக்கலை."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். "குடுக்காம இருந்தீங்களே, பெரிய காரியம். குடல்வால் வீங்கி, சீழ் கோத்திருக்கு. பழுத்த கட்டி மாதிரி. இந்த நேரத்துல உள்ள தண்ணியை ஏத்தி, குடலை முறுக்கி முறுக்கித் தள்ள விட்டா, அது உடைஞ்சு சீழ் வயிறு பூரா பரவ வழி இருக்கு. சில சமயம் உடைஞ்ச உடனே வலி குறையும். ஆஹா, எனிமா கேட்டுதுன்னு வீட்டுல சந்தோஷப்பட்டுக்கிட்டு இருப்பாங்க. ஜுரம் ஏறி, வயிறு கல்லாப் போனப்புறம் தூக்கிட்டு வருவாங்க. அப்ப எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது." பேசிக்கொண்டே நர்சிடம் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். "என்ன வலின்னு தெரியாத வயித்துவலிக்குப் பேதி மருந்தும் கூடாது, எனிமாவும் கூடாது. மொதல்ல டாக்டர் பாக்கணும்."

அந்த 'ஆஹா' இன்றும் என்னை விடவில்லை. நாங்கள் அப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்போம். அம்மா இளையவளைப் பற்றி ஏதாவது ஜோக் அடித்திருப்பாள். நான் காபி குடித்திருப்பேன். மகள் தூங்குகிறாள் என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். சமையல் செய்துகொண்டிருக்கும்போது, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, நடக்காமல் போன அந்த மத்தியானம் அப்படியே முழுசாக வந்து என் முன்னால் நிற்கும்.

ஆபரேஷன் முடிந்தது. உடையவில்லை, ஆனால் உடையும் தறுவாயில் இருந்தது என்றார் டாக்டர். அப்பா வராந்தா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாத்திரக்கடை மாமா அவர் பக்கத்தில், பழைய ஞாபகமோ என்னவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேன் விஷயம் பிறகு எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வரும்போது அப்பா அவரைப் பின்தொடர்ந்து போனார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, தான் தினமும் எனிமா எடுத்துக்கொள்வதையும் அது இல்லாமல் முடிவதில்லை என்பதையும் சொன்னார். "குடலைக் கழுவலைன்னா விஷம் சேருமே, சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் சேராது. குடல் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்" என்றார் டாக்டர். "தினம் நீங்க தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தா அதுக்குத் தானா வேலை செய்யற பழக்கம் போயிடும். உடம்புல இருக்கிற உப்புச் சத்தும் சேர்ந்து போகும், இந்த வயசுல அது இதயத்துக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். என்கிட்ட வாங்க, நான் சொல்றபடி செய்யலாம்." அப்பா போனார். கீரை, தண்ணீர், விடிந்ததும் காவேரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறை வரை நடை என்று மாறினார். ரொம்பக் கஷ்டப்பட்டார். அம்மா அந்த நாட்களில் வாசலில் நின்று ஆச்சா என்று கேட்பதை விட்டுவிட்டாள். ஆனபோது அவரே வந்து சொன்னார். அவள் அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தாள், அவர் வாங்கிக் குடித்தார். கேன் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. தகர டப்பாவிலிருந்து மஞ்சள் நூல் முனையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் எனக்கு மறுபடி மறுபடி ஞாபகம் வருவது இதற்கெல்லாம் முந்திய ஒன்று. ஆபரேஷனுக்கு மறுநாள் சாயங்காலம். மகளுக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வயிற்றைத் திறந்த பிறகு குடல் அசையாமல் கிடக்குமாம். அது தானாக அசையத் தொடங்க வேண்டும், காற்று பிரிய வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "தண்ணி, அம்மா" என்று அழுதாள். அழுதால் தையல் வலித்தது. வலித்ததால் இன்னும் அழுதாள்.

அப்பா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளிடம் அவர் பேசவே இல்லை.

"தாத்தா" என்றாள் அவள். "கதை சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வழக்கமான அந்தக் கேள்வியை அவரால் கேட்க முடியவில்லை. நேரே பாலத்துக்குப் போனார். யானை நின்றது. பின்னால் பஸ் நின்றது. கண்டக்டர் விசிலை எடுத்தார்.

"ஆனா இன்னிக்கு ஊதலை" என்றார் அப்பா. "எல்லாரும் பஸ்ஸுலேயே உக்காந்திருக்காங்க. யாரும் இறங்கலை. டிரைவர் இன்ஜினை நிறுத்திட்டாரு. பூக்காரம்மா பூ தொடுக்க ஆரம்பிச்சுட்டா."

"யாரும் யானையை நகர்த்தலையா?"

"இல்ல. அதுவா எப்ப நகருதோ நகரட்டும்னு விட்டுட்டாங்க."

"மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளையும் உக்காந்திருக்காரு. முகூர்த்தம் போனா போகுது, வேற முகூர்த்தம் பாத்துக்கலாம்னுட்டாரு."

அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்பா சொல்லிக்கொண்டே போனார். காவேரியில் தண்ணீர் ஓடுவதைச் சொன்னார், மலைக்கோட்டையில் விளக்குப் போட்டதைச் சொன்னார். இதற்கு முன் அந்தக் கதையில் யானையைத் தவிர யாரும் எதையும் நின்று பார்த்ததில்லை, எல்லோருக்கும் அவசரம். வெளியே நிஜமாகவே விளக்குப் போட்டார்கள். அவள் கண்கள் செருகின. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அப்பா குரலைத் தாழ்த்தினார், ஆனால் நிறுத்தவில்லை.

போர்வைக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"தாத்தா, யானை நகர்ந்துடுச்சு."

அப்பா எழுந்து நர்சைக் கூப்பிட ஓடினார். வாசற்படி தடுக்கிச் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்காமலே ஓடினார்.